பாறைக்குள் எட்டிப் பார்க்கும் துளை

கோடை வந்துவிட்டால் ஆலங்காயம் வட்டாரத்தில் ஏதாவது ஒரு நிலத்தில் 'போர்' லாரி நிற்பதைக் காணலாம். அடிக்கு இவ்வளவு என்று கூலி பேசி முடித்ததும் துளை இறங்கும். காற்றழுத்தத்தால் வெளியே வீசப்படும் கல்மாவு ஈரமாகிறதா என்று நிலத்துக்காரர் கண் கொட்டாமல் பார்த்திருப்பார். தண்ணீர் தேட இந்த முறை போதும். கனிமப் படுகையை அளக்க இது போதாது. கல் மாவாகிவிட்டால், கனிமம் எவ்வளவு கனத்தில், எந்தச் சாய்வில் கிடந்தது என்பதை எப்படி அறிவது?

ஆகவே கனிமம் தேடுவோர் வேறு வகைத் துளை இடுகிறார்கள். அதன் வெட்டுமுனை வளையம் போன்றது. அதில் வைரத் துகள்கள் பதிக்கப்பட்டிருக்கும். அது சுழலும்போது வளையத்தின் கீழுள்ள பாறை மட்டும் அரைபட்டுப் போகிறது. நடுப்பாறையோ, பட்டை உரித்த வாழைத்தண்டுபோல் முழுதாகக் குழாய்க்குள் ஏறிவிடுகிறது. பெரும்பாலும் 48 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள இந்தப் பாறைத்தண்டை ஆழம் குறித்துப் பெட்டிகளில் வரிசையாக அடுக்குவார்கள். பிறகு நெடுக்காக இரண்டாக அறுப்பார்கள். ஒரு பாதி ஆய்வுக்கூடத்திற்குப் போகும். மறுபாதி பெட்டியிலேயே இருக்கும். நாளை எவருக்கேனும் ஐயம் எழுந்தால் அதை எடுத்துச் சோதிக்கலாம்.

லிதியமும் வெள்ளீயமும் ஒரே இடத்தில் கிடைப்பது ஏன்? பாறைக்குழம்பு ஆறி இறுகும்போது, பொதுவான கனிமங்களின் படிக அமைப்பில் இவ்விரண்டின் அணுக்களும் எளிதில் பொருந்துவதில்லை. கடைசிவரை எஞ்சும் நீர் மிகுந்த குழம்பில் இவை சேர்ந்துவிடுகின்றன. அது உறைந்து பெரும் படிகங்கள் கொண்ட பெக்மடைட் பாறையாகிறது. மேற்கு ஆஸ்திரேலியாவின் கிரீன்புஷஸ் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1888இல் வெள்ளீயச் சுரங்கமாகத் தொடங்கிய அவ்விடம் இன்று லிதியத்திற்குப் புகழ் பெற்றது. நம் திருப்பத்தூரை அடுத்த செவ்வாத்தூரில் வெர்மிகுலைட் தரும் கார்பனடைட் பாறை உண்டு. அதுவும் அரிய பாறைதான், ஆனால் அதன் குடும்பம் வேறு.

கர்நாடகத்தில் மண்டியா மாவட்டத்து மார்லகல்லாவில் லிதியப் பெக்மடைட் உள்ளது. அங்கே அரை கிலோமீட்டர் அகலமும் 5 கிலோமீட்டர் நீளமும் கொண்ட நிலத்தில் 30,300 டன் லிதியம் ஆக்சைடு இருக்கலாம் என்ற மதிப்பீடு 2020இல் வெளிவந்தது. லிதியத்தின் அணு எடை 7, ஆக்சிஜனுடையது 16. எனவே 30 பங்கு ஆக்சைடில் 14 பங்குதான் லிதியம். கணக்கிட்டுப் பாருங்கள்: ஏறத்தாழ 14,100 டன். செய்தித்தாள்கள் மகிழ்ந்தன. மறு ஆண்டு பிப்ரவரியில் நாடாளுமன்றத்தில் சொல்லப்பட்ட அளவோ 1,600 டன். மேற்பரப்பிலும் ஓரளவு நிலத்தடியிலும் அணுக் கனிமங்கள் இயக்ககம் செய்த ஆய்வில் கிடைத்த எண் அது. அதுவும் 'ஊகிக்கப்பட்ட' வகையைச் சேர்ந்ததே!

துளை இட்டாலும் ஏமாற இடமுண்டு. பெக்மடைட் பாளம் ஒன்று கிடைமட்டத்திலிருந்து 60 பாகை சாய்ந்திருக்கிறது என்போம். செங்குத்தாக இறங்கும் துளையில் 10 மீட்டர் நீளத்திற்கு அப்பாறை வரும். உண்மைக் கனம் அதுவன்று; 10ஐக் கொசைன் 60ஆல் பெருக்க வேண்டும். வெறும் 5 மீட்டர்! பாளத்தை இயன்றவரை குறுக்கே வெட்டும்படி துளையைச் சாய்த்து இடுவது இதனால்தான். 'இத்தனை மீட்டர் துளையிட்டோம்' என்று ஒரு சிறு நிறுவனம் அறிவித்தால் அது முன்னேற்றமாகிவிடாது. துளைகள் எவ்வளவு நெருக்கமாக உள்ளன, எந்தக் கோணத்தில் வெட்டின, தண்டில் எத்தனை விழுக்காடு முழுதாக மீண்டது என்றும் கேட்க வேண்டும்.

நம் நாட்டில் ஆய்வின் படிகளை ஜி-4, ஜி-3, ஜி-2, ஜி-1 என்று குறிப்பார்கள். ஜி-1 வரும்போதுதான் துளைகள் மிக நெருங்கியிருக்கும். 2023 பிப்ரவரியில் ஜம்முவின் ரியாசியில் 59 லட்சம் டன் என்று அறிவிக்கப்பட்டது ஜி-3 நிலையிலான அளவு. அது லிதியத் தாதுவின் எடை. லிதிய உலோகத்தின் எடை அன்று. இந்த வேறுபாட்டைப் பலர் கவனிக்கவில்லை. அந்நிலப்பகுதியை ஏலம் விட்டபோது போதிய நிறுவனங்கள் முன்வராததால் 2024 மார்ச்சில் அந்த ஏலம் ரத்தாயிற்று.