தேய்வின் இலக்கணம்

பெரும்பாலான உந்துருளிகளில் பொறி ஈனும் ஆற்றலைப் பின்சக்கரத்துக்குக் கொண்டு சேர்ப்பது சங்கிலியே. முன்னே ஒரு சிறு பற்சக்கரம், பின்னே ஒரு பெரும் பற்சக்கரம், இரண்டையும் தழுவி ஓடும் எஃகுக் கண்ணிகள். சுவிட்சர்லாந்தில் பிறந்து இங்கிலாந்தின் மான்செஸ்டர் பகுதியில் தொழில் நடத்திய ஹான்ஸ் ரெனால்டு 1880ஆம் ஆண்டில் வகுத்த உருளைச் சங்கிலியின் அமைப்பே இன்றும் நம் வண்டிகளில் ஓடுகிறது. சங்கிலி தேய்வது இயல்பு. ஆனால் ஒருபுறம் மட்டும் தேய்வதும், ஓரிடத்தில் இறுகி மற்றோரிடத்தில் தளர்வதும் இயல்பல்ல. அவற்றுக்குக் காரணம் உண்டு. அக்காரணத்தைத் தேய்வின் வடிவமே காட்டித் தரும். அதை ஆராயாமல் புதிய ‘செயின் செட்’ பூட்டினால், பழைய குற்றம் புதிய உறுப்புகளையும் தின்னும்.

சங்கிலி நீண்டுவிட்டது என்கிறோம். உண்மையில் எஃகுத் தகடுகள் நீள்வதில்லை. ஒவ்வொரு மூட்டிலும் ஓர் ஊசி ஒரு குழலுக்குள் திரும்பித் திரும்பி உராய்கிறது. அந்த உராய்வால் விழும் இடைவெளிகளின் கூட்டுத்தொகையே நீட்சி. சிறு வண்டிகளில் பரவலாக உள்ள 428 வகைச் சங்கிலியில் ஒரு கண்ணியின் அளவு 12.7 மில்லிமீட்டர். இழுத்துப் பிடித்து 20 கண்ணிகளை அளந்தால் 254 மில்லிமீட்டர் வரும். அது 259 ஆகிவிட்டால், நீட்சி 2 விழுக்காட்டை எட்டிவிட்டது. சங்கிலியை மாற்றிவிடுவதே முறை.

அந்த 5 மில்லிமீட்டரும் எல்லாக் கண்ணிகளிலும் சமமாகப் பரவுவதில்லை. உள்கண்ணியில் இரு குழல்களும் தகட்டில் இறுகப் பொருந்தியிருப்பதால் அவற்றின் இடைவெளி மாறாது. நீட்சி முழுவதும் வெளிக்கண்ணிகளையே சேரும்: ஒன்றுக்கு அரை மில்லிமீட்டர். ஆகவே, தேய்ந்த சங்கிலி குட்டைக் கண்ணியும் நெட்டைக் கண்ணியும் மாறி மாறி அமைந்த சங்கிலியாகிறது. கண்ணிகளின் எண்ணிக்கை பொதுவாக இரட்டைப்படை. முன் பற்சக்கரத்தின் பற்களும் 14 என இரட்டைப்படையாக இருந்தால், ஒரு பல் எந்நாளும் குட்டைக் கண்ணியிலேயே புகும். அடுத்த பல் நெட்டைக் கண்ணியிலேயே புகும். ஒன்றுவிட்டு ஒரு பல் கூடுதலாகத் தேய்வதற்கு இதுவே வழி வகுக்கிறது. 15 பற்கள் இருந்தால் சுற்றுதோறும் முறை மாறி, தேய்வு பகிரப்படும்.

இனி இறுக்கமும் தளர்வும். பொறியை நிறுத்தி, வண்டியை நடுத்தாங்கியில் ஏற்றி, நியூட்ரலில் வைத்துப் பின்சக்கரத்தைக் கையால் சிறிது சிறிதாகச் சுற்றுக. கீழ்ப்புறச் சங்கிலியின் நடுவில் தொய்வை அளந்துகொண்டே வருக. முன்னே 14, பின்னே 42 பற்கள் எனக் கொள்வோம். பின்சக்கரத்தின் ஒரு சுற்றுக்கு ஒருமுறை சங்கிலி இறுகினால், பின் பற்சக்கரம் மையம் விலகியுள்ளது. ஒரு சுற்றுக்கு மும்முறை இறுகினால், குற்றம் முன் பற்சக்கரத்தில். சங்கிலியில் சுண்ணக்கட்டியால் இட்ட குறி திரும்பி வரும்போது மட்டும் இறுகினால், குற்றம் சங்கிலியில். 104 கண்ணிகள் கொண்ட சங்கிலிக்கு அது ஏறத்தாழ இரண்டரைச் சுற்றுக்கு ஒருமுறை நிகழும். மூன்று குற்றங்களுக்கும் மூன்று தாளங்கள். எண்ணத் தெரிந்தவருக்கு இதற்கென ஒரு கருவியும் வேண்டியதில்லை.

அடுத்து, பற்களின் பக்கவாட்டைத் துடைத்து விளக்கொளியில் நோக்குக. சங்கிலியின் உள்தகடு உரசிய இடம் பளபளக்கும். அந்தப் பளபளப்பு ஒரே பக்கத்தில், வட்டம் முழுவதும் ஒரே சீராகத் தெரிந்தால், இரு பற்சக்கரங்களும் ஒரே தளத்தில் இல்லை. வட்டத்தின் ஒரு பகுதியில் மட்டும் தெரிந்தால், பற்சக்கரம் வளைந்திருக்கிறது. அல்லது அதைப் பிணைக்கும் மரைகள் தளர்ந்திருக்கின்றன.

தளம் விலகுவதற்கு முதற்காரணம் பின் அச்சைச் சாய்வாகப் பூட்டுவது. சுவிங் ஆர்ம் எனும் பின்கவையின் இருபுறமும் பொறித்த கோடுகளைப் பலரும் முழுமையாக நம்புகிறார்கள். அக்கோடுகளே துல்லியமாக அமையாத வண்டிகள் உண்டு. கவையின் சுழல்தண்டு மையத்திலிருந்து அச்சின் மையம் வரை இருபுறமும் அளப்பதே உறுதியான வழி. சிறு பிழை எவ்வளவு வளரும் என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். இரு சரிசெய் திருகுகளுக்கும் இடையே 200 மில்லிமீட்டர் அகலம். ஒருபுறம் 2 மில்லிமீட்டர் முன்தள்ளி நின்றால், 600 மில்லிமீட்டருக்கு முன்னேயுள்ள பற்சக்கரத்தை அடையும்போது அவ்விலகல் 6 மில்லிமீட்டர் ஆகிவிடும். கண்ணுக்குத் தெரியாத சாய்வு, ஒவ்வொரு பல்லையும் பக்கவாட்டில் அராவும் விசையாகிறது.

அச்சு மரையை முறுக்கும்போதும் சக்கரம் நகரக்கூடும். எனவே முறுக்கியபின் மீண்டும் அளக்க வேண்டும். தொய்வைச் சங்கிலியின் மிக இறுகிய நிலையில், தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு அமைக்க வேண்டும். தளர்ந்த இடத்தில் அளந்து முறுக்கினால், இறுகிய இடம் வரும்போதெல்லாம் பொறியின் வெளித்தண்டுத் தாங்கி அடிபடும்.

பற்கள் கொக்கிபோல் வளைந்தபின் சங்கிலியை மட்டும் மாற்றுவது வீண்செலவு. சங்கிலி, இரு பற்சக்கரங்கள் ஆகிய மூன்றையும் ஒருங்கே மாற்றுவதே அறிவு. ஆயினும் கழற்றிய பழைய பற்சக்கரத்தை உடனே எறிந்துவிட வேண்டா. பளபளப்பு எப்பக்கம், எத்தனை பற்களுக்கு, எந்தத் தாளத்தில் இறுக்கம் என்று குறித்துக்கொண்டு, தேய்வின் காரணத்தைக் களைந்த பிறகே புதியதைப் பூட்டுக. ஓடும்போது அறுந்த சங்கிலி பின்சக்கரத்தில் சிக்கி அதைப் பூட்டிவிடக்கூடும். சில நிமிட ஆய்வு காப்பது பணத்தை மட்டுமன்று, ஓட்டுபவரின் உயிரையும்தான்.