கோவிந்துவின் மலர்

காஞ்சிபுரத்துப் பட்டுச் சேலையின் கரையிலே பூத்திருக்கும் கொடியையும் மலரையும் கண்டு வியவாதார் இல்லை. ஆனால், அம்மலரை முதலில் எழுதிக் கொடுத்த கை எது என்று கேட்பாரும் இல்லை. சித்திரத்தைப் போற்றிச் சித்திரக்காரரை மறப்பது நம்மிடையே வெகுநாளைய பழக்கம். அம்மறதிக்குத் தப்பிய இருவரைப் பற்றி இங்கே சொல்ல விரும்புகிறோம்.

1819-ஆம் வருஷம் கும்பினியாரின் வைத்தியராகச் சென்னை ராஜதானிக்கு வந்தவர் ராபர்ட் வைட் என்னும் ஸ்காட்லாந்துக்காரர். வைத்தியத்தைவிடத் தாவர சாஸ்திரத்திலேயே அவருக்கு மோகம் அதிகம். அவருக்காகச் செடிகொடிகளைச் சித்திரித்தவர்கள் ரங்கையா, அவருக்குப்பின் கோவிந்து என்ற தென்னிந்திய ஓவியர்கள்.

ஆர்க்கிட் மலரை எழுதுவது எளிய காரியமன்று. அதற்குப் புறவிதழ் மூன்று, அகவிதழ் மூன்று. அகவிதழ்களில் ஒன்று உதடுபோல் உருமாறியிருக்கும். ஆண் உறுப்பும் பெண் உறுப்பும் ஒன்றாய் இணைந்து சிறு தூண்போல் நிற்கும். உலர்ந்த மலரிலோ இவையெல்லாம் சுருங்கி உருமாறிவிடும். ஆகையால் மலர் வாடுமுன் அதை எழுதியாகவேண்டும். உறுப்புக்களைப் பிரித்துப் பெரிதாக்கியும் காட்டவேண்டும். கண்ணுக்கு அழகாயிருந்தால் மட்டும் போதாது, அளவும் பிசகலாகாது.

1838 முதல் 1853 வரை வைட் சென்னையில் வெளியிட்ட 'ஐகோன்ஸ்' என்னும் பெருநூலில் 2,101 படங்கள் உள்ளன. அவற்றுள் பலவற்றின் அடியில் ரங்கையா, கோவிந்து என்னும் பெயர்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. இதற்கு முன் ராக்ஸ்பர்க் தொகுத்த கோரமண்டல் கரைத் தாவர நூலுக்கும் இந்திய ஓவியர்களே படம் எழுதினார்கள். ஆயினும் அவர்கள் பெயரின்றியே மறைந்தனர்.

வைட் இன்னும் ஒரு படி மேலே சென்றார். 1853-இல் ஓர் ஆர்க்கிட் இனத்திற்குக் 'கோவிந்தூயியா' என்று தம் ஓவியரின் பெயரையே சூட்டினார். பிற்கால சாஸ்திரிகள் அச்செடியை 'ட்ராபிடியா' என்னும் இனத்தில் சேர்த்துவிட்டமையால் அப்பெயர் வழக்கொழிந்தது. ஆனால் சித்திரங்கள் அழியவில்லை. எடின்பரோ தாவரத் தோட்டத்தில் பல இன்றும் பாதுகாக்கப்படுகின்றன. 2007-இல் ஹென்றி நோல்ட்டி அவற்றைக் குறித்து வெளியிட்ட நூலின் தலைப்பில் வைட்டுடன் ரங்கையா, கோவிந்து இருவர் பெயரும் இடம் பெற்றன.

செடிக்கு இட்ட பெயர் மாறிற்று. படத்தின் அடியில் இட்ட பெயர் நிலைத்தது. இதில் நமக்கு ஒரு பாடம் உண்டு. வைட் காட்டிய மரியாதையை நம் ஊர்க் கலைஞர்களுக்கு நாம் காட்டலாகாதா? அடுத்த முறை பட்டெடுக்கச் செல்லும்போது, விலையைக் கேட்பதோடு நில்லாமல், நெய்தவர் யார், கரையை எழுதியவர் யார் என்றும் கேட்போம். அறிந்த பெயரை வீட்டுக் குழந்தைகளுக்கும் சொல்வோம்.