பரண்மேல் மிச்சப் பெயின்ட்: உங்களுக்குத் தெரியுமா?

மிச்சப் பெயின்ட்டை எடுத்து வைக்கும் பழக்கம் உங்கள் அப்பா காலத்தது என்றா நினைத்தீர்கள்? தென்னாப்பிரிக்காவின் ப்ளோம்போஸ் குகையில் 2008-ல் இரண்டு அபலோன் சிப்பிகள் கிடைத்தன. உள்ளே காவிக்கல் பொடியும் கரியும் எலும்புக் கொழுப்பும் குழைத்த கலவை ஒட்டிக்கொண்டிருந்தது. வயது? 1,00,000 வருஷம்! பானை பிறப்பதற்கு வெகு முன்பே பெயின்ட் டப்பா பிறந்துவிட்டது!

டியூப் வருவதற்கு முன் ஐரோப்பிய ஓவியர்கள் மிச்ச வண்ணத்தை எதில் கட்டி வைத்தார்கள் தெரியுமா? பன்றியின் சிறுநீர்ப்பையில்! குத்திப் பிழிய வேண்டும், ஓட்டையை ஒரு குட்டி ஆணியால் அடைக்க வேண்டும். அந்த அவஸ்தையை ஒழித்தவர் ஜான் கோஃப் ராண்ட். 1841-ல் வெள்ளீய டியூபுக்குக் காப்புரிமை வாங்கினார்!

திறந்து மூடி, திரும்பத் திறக்கும் பெயின்ட் டப்பா? ஷெர்வின்-வில்லியம்ஸ் கம்பெனி, 1877!

எண்ணெய்ப் பெயின்ட் காய்ந்தால் எடை குறையும் என்கிறீர்களா? அதிலுள்ள ஆளிவிதை எண்ணெய் காற்றிலிருந்து ஆக்சிஜனை இழுத்துக்கொண்டு காய்கிறது. காயக் காய எடை கூடுகிறது!

பாதி டப்பா எனாமலில் ஆடை படிவதற்கும் அதே ஆக்சிஜன்தான் காரணம். அரை லிட்டர்தான் மிச்சமா? அரை லிட்டர் டப்பாவுக்கே மாற்றி, கழுத்துவரை நிரப்புங்கள். காற்றுக்கு இடமே கிடையாது! மூடியை இறுக்கித் தலைகீழாக நிறுத்துபவர்களும் உண்டு. ஆடை படிந்தாலும், நிமிர்த்தும்போது அது அடியில் கிடக்கும். மேலே பளபளவென்று நல்ல பெயின்ட்!

டப்பா சரியாக மூடாமல் போவதற்குக் காரணம் விளிம்புப் பள்ளத்தில் தேங்கிக் காயும் பெயின்ட். பள்ளத்தில் ஆணியால் நாலு ஓட்டை போடுங்கள். வழிந்ததெல்லாம் டப்பாவுக்குள்ளேயே சொட்டிவிடும். செலவு 0 ரூபாய்!

எமல்ஷன் ஊசிப்போகும், நம்புவீர்களா? தண்ணீர் இருக்கிறதே, பாக்டீரியாவுக்குக் கேட்கவா வேண்டும்! மூடியைத் திறந்ததும் அழுகிய முட்டை நாற்றம் குப்பென்று அடித்தால் அது சுவருக்கு ஆகாது.

இனி வருவது என் செல்லச் செய்தி. பிக்காசோ வீட்டுக் கதவுக்கு அடிக்கும் எனாமலில் படம் வரைந்தாரா? பல வருஷச் சண்டை! தீர்த்து வைத்தது எது? யாரோ பயன்படுத்தாமல் விட்ட பழைய 'ரிப்போலின்' பெயின்ட்! சிகாகோ ஆர்ட் இன்ஸ்டிடியூட் விஞ்ஞானிகள் அதை ஈபேயில் விலைக்கு வாங்கினார்கள். ஆர்கான் ஆய்வுக்கூடத்தின் எக்ஸ்-ரே கருவியில் வைத்து, 1931-ல் பிக்காசோ வரைந்த 'சிவப்பு நாற்காலி' ஓவியத்தின் வண்ணத்தோடு ஒப்பிட்டார்கள். அப்படியே பொருந்தியது! அந்தக் கருவி எவ்வளவு நுணுக்கமாகப் பார்க்கும் தெரியுமா? 30 நானோமீட்டர்வரை! உங்கள் பரணில் என்ன கிடக்கிறதோ, யார் கண்டது!

நம் ஊரில் கதவுக்கு அடித்து மீந்த எனாமலுக்கு மாட்டுப் பொங்கலன்று யோகம். கொம்பு நுனியில் சிவப்பு, அடியில் நீலம்! ஆனால் டப்பாவின் தேதியைப் பாருங்கள். வீட்டுப் பெயின்ட்டில் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் ஈயம் கூடாது என்ற இந்திய விதி அமலுக்கு வந்ததே 2017 நவம்பர் 1-ல்தான்!

மிச்சப் பெயின்ட்டைவிட ஆபத்து எது? எண்ணெய் துடைத்த பழந்துணி! உருட்டி மூலையில் போட்டால் தானாகச் சூடேறி, தானாகப் பற்றிக்கொள்ளும். தீக்குச்சியே வேண்டாம்! 1991 பிப்ரவரி 23, ஃபிலடெல்பியா. ஆளிவிதை எண்ணெய்த் துணியால் 38 மாடிக் கட்டடத்தின் 22-வது மாடியில் தீ. மூன்று தீயணைப்பு வீரர்கள் உயிரிழந்தார்கள். மாடி மாடியாக ஏறிய அந்தத் தீயை 30-வது மாடியில் நிறுத்தியவை வெறும் 10 ஸ்பிரிங்க்ளர்கள்! துணியை விரித்துக் காயப்போடுங்கள், ப்ளீஸ்!

அமெரிக்காவில் மிச்ச எமல்ஷனை எதைக் கொட்டிக் கெட்டியாக்கிக் குப்பையில் போடுகிறார்கள்? பூனைக் கழிவுக்கு வாங்கும் மண்ணை!

பிரிட்டனில் வருஷாவருஷம் மீந்து வீணாகும் பெயின்ட் சுமார் 5 கோடி லிட்டர். 10,000 லிட்டர் தண்ணீர் லாரியில் ஏற்றினால் எத்தனை லாரி? 5,000!