ஊசி ஆடுது, பாருங்க!

பொள்ளாச்சியில் ஒரு ஒர்க்‌ஷாப். வாடிக்கையாளர்கள் தாண்டக் கூடாத மஞ்சள் கோட்டைத் தாண்ட இன்று எனக்கு அனுமதி! வால்பாறையிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி வந்த கார் ஒன்று நிற்கிறது. பிரேக்கை மிதித்தால் உதறல்.

முதலில் ஒரு சுற்று. மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் வழுக்கிக்கொண்டு போகிறது. அப்படியென்றால் வீல் பேலன்ஸ் மேல் பழி இல்லை. பிரேக்கில் கால் பட்டதும் கிடுகிடுவென்று ஸ்டீரிங் துடிக்கிறது! "கையில தெரிஞ்சா முன்னாடிங்க. சீட்டுல தெரிஞ்சா பெரும்பாலும் பின்னாடிங்க" என்கிறார் மெக்கானிக் அண்ணன்.

வண்டி லிஃப்டில் ஏறுகிறது, முன் சக்கரம் இறங்குகிறது. பிரேக் டிஸ்க்கை நட்டுப் போட்டு ஹப்போடு இறுக்கி, டயல் கேஜின் முனையை அதன் முகத்தில் வைத்து, கையால் மெல்லச் சுற்றுகிறார். ஊசி ஆடுது! 0.09 மி.மீ.! பல கார்களுக்கு இந்த ஆட்டத்துக்கு 0.05 தான் எல்லை. அடுத்து மைக்ரோமீட்டர், எட்டு இடங்களில் தடிமன் பார்த்தால் 0.02 மி.மீ. ஏற்ற இறக்கம். தலைமுடியைவிட மெல்லிய இந்த வித்தியாசமா இவ்வளவு பெரிய வண்டியை ஆட்டியது?

"டிஸ்க் வளைஞ்சிருச்சாண்ணா?"

"எல்லாரும் அப்படித்தாங்க கேப்பாங்க. இதைப் பாருங்க."

டிஸ்க்கைக் கழற்றுகிறார். ஹப் முகத்தில் பொருக்குப் பொருக்காகத் துரு! போன வருடம் வேறெங்கோ புது டிஸ்க் மாட்டியபோது யாரும் இதைத் தேய்க்கவில்லை. அடியில் துரு இருந்ததால் டிஸ்க் துளி சாய்ந்து உட்கார்ந்தது. பிரேக் போடாதபோதும் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடம் பிரேக் பேடில் உரசி உரசித் தேய்ந்தது. பல ஆயிரம் கிலோமீட்டரில் தடிமன் மாறிப்போய், பிடி ஏறி இறங்கி, அதுதான் ஸ்டீரிங்கில் உதறலாக வந்தது. மாட்டிய புதிதில் நன்றாக ஓடிய டிஸ்க் மாதங்கள் கழித்து உதறும் மர்மம் இதுதான்!

கம்பி பிரஷ்ஷால் ஹப் பளிச்சென்று ஆகிறது. புது டிஸ்க், புது பேட். மறுபடி டயல் கேஜ்: 0.02. ஊசி லேசாகத்தான் அசைகிறது! வீல் நட்டுகளை எதிரெதிராக, டார்க் ரென்ச்சால் அளவாக இறுக்குகிறார்.

மறுபடி ரோடு. பேடும் டிஸ்க்கும் பழக, 60-லிருந்து 10-க்கு நிதானமாகப் பல முறை வேகம் குறைக்கிறார். பிறகு 80. பிரேக்! ஸ்டீரிங்கை ஒரே விரலால் பிடித்திருக்கிறார். அந்த விரல்கூட ஆடவில்லை.

என் சட்டைப் பையில், தாளில் மடித்த ஒரு துருச் செதில். வீட்டுக்குப் போனதும் எல்லோருக்கும் காட்டப்போகிறேன்.