129 ஓட்டு



"நான் ஒருத்தன் ஓட்டுப் போடலைன்னா என்ன குடியா முழுகிடும்?" வாக்காளர் பட்டியலில் பேர் சேர்க்க படிவம் 6 வாங்கி வந்து வகுப்பில் கொடுத்தபோது பலபேர் என்னிடம் கேட்ட கேள்வி இது. அப்போது பதில் சொல்லத் தெரியவில்லை. பிறகு படித்துத் தெரிந்துகொண்ட ஒரு தேர்தல் கதையை இங்கே எழுதுகிறேன்.

இது அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்தில் 2004-ல் நடந்த கவர்னர் தேர்தல். இந்த வாஷிங்டன் அந்த நாட்டின் தலைநகர் இல்லை. பசிபிக் கடலோரம் சியாட்டில் நகரம் இருக்கிற மாநிலம். இன்னொன்று, நம் நாட்டில் கவர்னரை ஜனாதிபதி நியமிக்கிறார். அங்கே மக்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். அதிகாரத்தில் நம்ம முதலமைச்சர் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

போட்டி இரண்டு பேருக்குள். ஜனநாயகக் கட்சியில் கிறிஸ்டீன் கிரெகுவார். உணவகத்தில் சமையல் வேலை செய்து தனி ஆளாய் வளர்த்த ஒரு தாயின் மகள். மாநிலத்தின் தலைமை வழக்கறிஞராக இருந்தவர். குடியரசுக் கட்சியில் டீனோ ராஸி. ரியல் எஸ்டேட் தொழில் செய்தவர். மாநில செனட்டராக இருந்தவர்.

மூன்று முறை எண்ணினார்கள்

நவம்பர் 2-ல் தேர்தல். மொத்தம் 28 லட்சம் ஓட்டுக்கு மேல் பதிவானது. முதல் எண்ணிக்கையில் ராஸி 261 ஓட்டு அதிகம். அந்த மாநிலச் சட்டப்படி வித்தியாசம் 2,000-க்குள் இருந்தால் மறுபடி எண்ணியாக வேண்டும். இயந்திரத்தில் திரும்ப எண்ணினார்கள். அப்போதும் ராஸிதான், ஆனால் வித்தியாசம் 42.

மூன்றாவது முறை கையால் எண்ண வேண்டும் என்று ஜனநாயகக் கட்சி கேட்டது. அதற்கு முன்பணம் கட்ட வேண்டும்; முடிவு மாறினால்தான் பணம் திரும்பும். ஏழு லட்சம் டாலருக்கு மேல் கட்டினார்கள். கையால் எண்ணியதில் கிரெகுவார் 13,73,361, ராஸி 13,73,232. வித்தியாசம் 129!

அதே சீட்டுகளை எண்ணினால் எண்ணிக்கை எப்படி மாறும்? நாம் ஓ.எம்.ஆர். தாளில் வட்டத்தை நிரப்புகிறோம் அல்லவா, அங்கே பல இடங்களில் ஓட்டுச்சீட்டும் அப்படித்தான். வட்டத்தைச் சரியாக நிரப்பாமல் டிக் அடித்திருந்தால் இயந்திரம் விட்டுவிடும். மனிதக் கண்ணுக்கு அது தெரியும்.

கையெழுத்து செய்த வேலை

இந்தக் கதையில் என்னை ரொம்ப யோசிக்க வைத்த இடம் இதுதான். சியாட்டில் அடங்கிய கிங் மாவட்டத்தில் நூற்றுக்கணக்கான தபால் ஓட்டுகளைத் தள்ளிவிட்டிருந்தார்கள். தபால் ஓட்டு உறையின் மேல் வாக்காளர் கையெழுத்துப் போட வேண்டும். அதைப் பதிவில் உள்ள கையெழுத்தோடு ஒப்பிடுவார்கள். இவர்களுடைய கையெழுத்து கம்ப்யூட்டரில் ஏறவில்லை. பழைய காகிதப் பதிவை எடுத்துப் பார்க்காமல், செல்லாது என்று ஒதுக்கிவிட்டார்கள். முதலில் தெரிந்த கணக்கு 573.

எப்படித் தெரிந்தது? தள்ளப்பட்டவர்கள் பட்டியலைப் பார்த்த மாவட்டக் கவுன்சில் உறுப்பினர் லாரி பிலிப்ஸ், அதில் தன் பெயரே இருப்பதைக் கண்டார்! விஷயம் கோர்ட்டுக்குப் போனது. அந்த ஓட்டுகளைப் பரிசீலிக்கலாம் என்று மாநில உச்ச நீதிமன்றம் டிசம்பர் 22-ல் சொன்னது. அவை சேருவதற்கு முன் கிரெகுவாருக்கு முன்னிலை வெறும் 10.

எங்கள் வீட்டில் கையெழுத்துப் போடத் தெரிந்த முதல் ஆள் நான். ஸ்காலர்ஷிப்புக்காக பேங்க்கில் கணக்குத் தொடங்கினேன். பிறகு பணம் எடுக்கப் போனபோது கையெழுத்து மாறியிருக்கிறது என்று சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அப்பா சிரித்தார். "ரேகை வைக்கிறவனுக்கு இந்தத் தொல்லை இல்லடா" என்றார். அன்று எனக்குப் போனது அரை நாள். அந்த 573 பேருக்குப் போகவிருந்தது ஓட்டு.

வெர்னியர் சொல்லும் பாடம்

2005 ஜனவரி 12-ல் கிரெகுவார் பதவியேற்றார். தேர்தல் செல்லாது என்று ராஸி தரப்பு வழக்குப் போட்டது. ஜூன் 6-ல் நீதிபதி ஜான் பிரிட்ஜஸ் தீர்ப்பு சொன்னார். ஓட்டுரிமை இழந்த குற்றவாளிகள் போட்டது, இறந்தவர் பேரில் போட்டது என்று 1,678 சட்டவிரோத ஓட்டுகள் இருந்ததை அவர் ஒப்புக்கொண்டார். ஆனால் அவை யாருக்கு விழுந்தன? ரகசிய ஓட்டாயிற்றே! அந்தந்தப் பகுதியில் யாருக்கு எத்தனை சதவீதமோ அந்தக் கணக்கில் கழியுங்கள் என்ற வாதத்தை நீதிபதி ஏற்கவில்லை. ராஸிக்குத்தான் போட்டோம் என்று சத்தியம் செய்து சொன்ன நான்கு பேரின் ஓட்டை மட்டும் அவர் கணக்கில் கழித்தார். வித்தியாசம் 133 ஆனது!

நம்ம லேபில் முதல் நாள் சொல்லித் தருவது மீச்சிற்றளவு. ஸ்டீல் ரூலை வைத்து 0.01 மி.மீ. வித்தியாசம் சொல்ல முடியாது. அதற்கு ஸ்குரூ கேஜ் வேண்டும். 129 ஓட்டு வித்தியாசத்தை அளக்கப் போன இடத்தில் 1,678 ஓட்டுப் பிழை கிடந்தது. அளவு கருவியின் பிழை, அளக்கிற பொருளைவிடப் பெரிசு. லேபில் என்றால் வேறு கருவி எடுக்கலாம். தேர்தலுக்கு வேறு கருவி ஏது? தேர்தலுக்கு முன்பே எழுதி வைத்த விதியும், அதை இரண்டு பக்கமும் மதிப்பதும்தான் அங்கே கருவி. தீர்ப்பு வந்த அன்றே, மேல்முறையீடு செய்யப்போவதில்லை என்று ராஸி அறிவித்துவிட்டார். 2008-ல் இதே இருவரும் மறுபடி மோதினார்கள். அப்போது கிரெகுவார் ஒரு லட்சத்து 90 ஆயிரம் ஓட்டுக்கு மேல் வித்தியாசத்தில் ஜெயித்தார். யாரும் திரும்ப எண்ணச் சொல்லவில்லை.

நண்பர்களே! 129 பேர் என்றால் எத்தனை? நம்ம இரண்டு வகுப்பு மாணவர்கள், அவ்வளவுதான். பதினெட்டு முடிந்தவர்கள் படிவம் 6-ஐ நிரப்பிக் கொடுங்கள். கொடுத்ததோடு விட்டுவிடாமல், பட்டியல் வந்ததும் பேர் சரியாக இருக்கிறதா என்று நீங்களே போய்ப் பாருங்கள். லாரி பிலிப்ஸ் பார்த்ததால்தான் தெரிந்தது.

நான் கொடுத்துவிட்டேன். கையெழுத்தை நிதானமாகவே போட்டேன்.

— மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல்