ஒரே வாரத்தில் வெளுத்தால் சந்தேகப்படுங்கள்

“அண்ணா, மங்குக்கு ஒரு கிரீம் குடுங்க.”

“போன தடவை வாங்குனதேவாம்மா?”

“அதேதான். நல்லா கேக்குது.”

எந்த ஊர் மெடிக்கல் ஷாப் வாசலில் நின்றாலும் காதில் விழும் பேச்சு இது. கடைக்காரர் சீட்டு கேட்பதில்லை, வாங்குபவரும் பில் கேட்பதில்லை. டியூப் கைமாறுவதோடு சரி. அந்த “நல்லா கேக்குது” என்ற சொல்தான் எனக்கு உறுத்துகிறது. மங்கு அவ்வளவு சீக்கிரம் மருந்துக்குக் கேட்கிற சங்கதியே இல்லை.

தோலுக்கு நிறம் தருவது மெலனின் என்ற நிறமி. மேல்தோலின் அடிவரிசையில் இருக்கும் செல்கள் அதைத் தயாரித்து மேலே அனுப்புகின்றன. வெயிலிலிருந்து நம்மைக் காப்பதற்காக உடம்பே விரித்துக்கொள்ளும் குடை அது. கர்ப்ப காலத்திலும் கருத்தடை மாத்திரை எடுக்கும்போதும் ஹார்மோன் அந்தச் செல்களைத் தூண்டுகிறது. கூடவே வெயிலும் பரம்பரை வாகும் சேரும்போது இரண்டு கன்னத்திலும் நெற்றியிலும் மேலுதட்டிலும் பழுப்புத் திட்டு படர்கிறது. அதுதான் மங்கு. ஆண்களுக்கும் இது வரும், வெளியில் சொல்லமாட்டார்கள், அவ்வளவுதான். பரு ஆறிய இடத்தில் தங்கும் கரும்புள்ளி வேறு கதை. அது புண்ணின் தழும்பு நிறம், கிள்ளாமல் விட்டாலே பெரும்பாலும் சில மாதங்களில் மங்கிவிடும்.

இரண்டுமே அழுக்கு அல்ல. அதனால் தேய்த்தால் போகாது, தேய்க்கத் தேய்க்கக் கறுக்கும். பீர்க்கங்காய் நாரோ நைலான் நாரோ போட்டு முதுகையும் கையையும் வருடக்கணக்கில் உரசியவர்களுக்கு அந்த இடத்திலேயே கருமை படிவதைத் தோல் மருத்துவர்கள் அன்றாடம் பார்க்கிறார்கள். எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து பூசிக்கொண்டு வெயிலில் போனால் தோல் வெந்து, பழைய கறுப்பின் மேல் புதுக் கறுப்பு ஏறும். பாட்டி வைத்தியம் எல்லாமே பாதுகாப்பானது என்று நான் நம்பத் தயாரில்லை. பாட்டி முகத்தில் எலுமிச்சையைத் தேய்த்தாள் என்பதற்குச் சாட்சியும் இல்லை.

கறுப்பெல்லாம் மங்கு அல்ல. பின்கழுத்திலும் அக்குளிலும் வெல்வெட் மாதிரி தடித்துக் கறுத்திருந்தால், கிரீம் தேடுவதற்கு முன்னால் சர்க்கரை பாருங்கள். இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளமாக அது இருக்கலாம். தலைக்குச் சாயம் அடிக்க ஆரம்பித்த பிறகு நெற்றியோரம் கறுத்தால் சாயத்தைச் சந்தேகியுங்கள்.

இனி அந்த டியூபுக்கு வருவோம். கடையில் மங்குக்கு என்று கொடுப்பதில் பெரும்பாலும் மூன்று மருந்துகள் கலந்திருக்கும். ஹைட்ரோகுவினோன் நிறமி உற்பத்தியைத் தடுக்கும். ட்ரெட்டினாயின் தோலை உரித்துப் புதுப்பிக்கும். மூன்றாவது ஒரு ஸ்டீராய்டு. இந்தக் கூட்டணியை 1975-ல் கிளிக்மேன், வில்லிஸ் என்ற அமெரிக்க மருத்துவர்கள் முன்வைத்தார்கள். இன்றும் தோல் மருத்துவர்கள் இதை எழுதுகிறார்கள், ஆனால் சில வாரங்களுக்கு, அதுவும் கண்காணிப்பில். நம் ஊரில் இது பவுடர் மாதிரி தினசரி அலங்காரப் பொருளாகிவிட்டது. வருடக்கணக்கில் பூசுகிறவர்கள் இருக்கிறார்கள்.

ஸ்டீராய்டு முதல் வாரத்தில் முகத்தை வெளுக்க வைக்கும். ரத்தக் குழாய்களைச் சுருக்கும், நிறமி செல்களையும் அடக்கும். பார்ப்பவர்கள் “என்ன, பளிச்சுன்னு இருக்கே” என்பார்கள். மாதங்கள் ஓடும்போது தோல் மெலிந்து கன்னத்தில் சிவப்பு நரம்புக் கோடுகள் தெரிய ஆரம்பிக்கும். பரு கிளம்பும், முகத்தில் முடி வளரும், வெயில் பட்டாலே எரியும். பயந்துபோய் நிறுத்தினால் முகம் சிவந்து கொப்பளித்து, மங்கு முன்னைவிடக் கறுப்பாகத் திரும்பும். வேறு வழி தெரியாமல் மறுபடி அதே டியூபைத் தேடுவார்கள். இதற்கு ‘ஸ்டீராய்டு சிதைத்த முகம்’ என்றே இந்தியத் தோல் மருத்துவர்கள் தனிப் பெயர் வைத்திருக்கிறார்கள். ஏற்கெனவே இந்த நிலையில் இருப்பவர்கள் தாங்களாக எதையும் செய்யாமல், டியூபையும் எடுத்துக்கொண்டு தோல் மருத்துவரிடம் போவது நல்லது. எரிச்சலை அடக்கி, படிப்படியாக விடுவிக்க வழி இருக்கிறது.

சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. வெளிப்பூச்சு மருந்துக்குச் சலுகை என்ற பெயரில் பல ஸ்டீராய்டு களிம்புகளைச் சீட்டில்லாமல் விற்க முன்பு இடமிருந்தது. 2018 மார்ச்சில் 14 ஸ்டீராய்டுகளுக்கு மத்திய அரசு அந்த வழியை அடைத்தது. அவை ‘ஷெட்யூல் ஹெச்’ மருந்துகள். மருத்துவர் சீட்டில்லாமல் விற்பது குற்றம். அட்டைப் பெட்டியின் இடது மேல் மூலையில் ‘ஆர்எக்ஸ்’ குறி இருக்கும், எச்சரிக்கை வரியும் இருக்கும். பெட்டியில் பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், ஃப்ளூசினோலோன், குளோபீட்டசால் என்ற பெயர்களில் ஏதாவது தென்பட்டால் அது ஸ்டீராய்டு.

பெட்டியில் எதுவுமே எழுதாமல் வரும் கிரீம்கள் இதைவிட மோசம். வெளிநாட்டிலிருந்து வந்த உறவினர் தந்தது, பார்லரில் டப்பாவில் போட்டுக் கொடுத்தது, இன்ஸ்டாகிராமில் பார்த்து வாங்கியது என்று பல வழிகளில் வீட்டுக்குள் வந்துவிடுகின்றன. இவற்றில் சிலவற்றில் பாதரசம் இருக்கிறது. கேரளத்தின் மலப்புறம் மாவட்டம் கோட்டக்கல்லில் சிறுநீரக மருத்துவர்கள் 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை தங்களிடம் வந்த, சிறுநீரில் புரதம் கசியும் ஒருவகை நோய் கண்ட 22 பேரை ஆராய்ந்தார்கள். 15 பேருக்கு அரிதான ஒரே வகைப் பாதிப்பு. அந்த 15 பேரில் 13 பேர் சிவப்பழகு கிரீம் பூசியவர்கள். கிரீமை நிறுத்தியதும் பெரும்பாலோர் தேறினார்கள். முகத்தில் பூசியது சிறுநீரகத்தைப் போய்த் தொட்டிருக்கிறது.

இந்திய விதிப்படி, கண் மை போன்றவை தவிர மற்ற அழகுப் பொருட்களில் தற்செயலாகக் கலந்த பாதரசம்கூடப் பத்து லட்சத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. வேண்டுமென்றே சேர்ப்பதற்கு அனுமதியே இல்லை. ‘தங்கம், வெள்ளி நகையில் படாமல் பூசவும்’ என்று டப்பா எச்சரித்தால் அதைக் கையால் தொடாதீர்கள். பாதரசத்தின் ஆவி தலையணையிலும் துண்டிலும் ஏறி, பூசாத குழந்தையையும் பாதிக்கும். அப்படிப்பட்ட கிரீம் பூசுகிறவருக்குக் கால் வீங்கினாலோ சிறுநீர் நுரைத்தாலோ, பூசிய கதையை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லவேண்டும்.

அப்படியானால் மங்குக்கு என்னதான் செய்வது? பொறுமையோடு கொஞ்சம்தான் செய்யவேண்டும். முதல் மருந்து குடை. வெயிலைத் தடுக்காமல் எந்த மருந்தும் நிலைக்காது. எஸ்பிஎஃப் 30-க்குக் குறையாத சன்ஸ்கிரீனை இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்கி முகம், கழுத்து முழுக்கப் பூசுங்கள். வெளியில் இருந்தால் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடியும் பூசுங்கள். நம் நிறத் தோலில் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் மங்குத் திட்டை ஏற்றுவதால், இரும்பு ஆக்சைடு சேர்த்த, சாயம் கலந்த சன்ஸ்கிரீன் கூடுதலாக உதவும். அதோடு அசலாயிக் ஆசிட், நியாசினமைடு போன்ற மென்மையானவற்றில் ஏதாவது ஒன்று போதும். ஒரே நேரத்தில் நான்கு சீரம் பூசினால் தோல் எரிந்து, அந்த எரிச்சலே கறுப்பாகும். கர்ப்பிணிகள் ட்ரெட்டினாயினும் ஹைட்ரோகுவினோனும் தொடவேண்டாம். பிரசவத்துக்குப் பிறகு பலருக்கும் மங்கு தானாகவே குறையும். லேசரும் கெமிக்கல் பீலும் கறுத்த தோலில் தவறினால் கருமையைக் கூட்டும். பார்லரில் செய்துகொள்கிற விஷயங்கள் அல்ல. டிரானெக்சாமிக் ஆசிட் மாத்திரையைத் தோழி சாப்பிட்டாள் என்று சாப்பிடாதீர்கள். ரத்தம் உறையும் ஆபத்துள்ளவர்களுக்கு அது ஆகாது. மாற்றம் தெரிய இரண்டு மூன்று மாதம் ஆகும். அடுத்த கோடையில் திரும்பவும் வரலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் நோய்ப் பிரிவு உண்டு. புறநோயாளிச் சீட்டுப் போட்டு இலவசமாகவே காட்டலாம்.

ஏற்கெனவே முகம் கெட்டுப்போனவர்களுக்குப் புகார் செய்யவும் வழி இருக்கிறது. மருந்தால் வந்த பக்கவிளைவை 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் நோயாளியே பதிவு செய்யலாம். சீட்டில்லாமல் விற்ற கடை மீது மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையில் புகார் தரலாம். ஏமாற்றும் விளம்பரம், தரமில்லாத பொருள், பார்லர் சேவைக் குறைபாடு ஆகியவற்றுக்கு நுகர்வோர் உதவி எண் 1915. அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை ஐந்து லட்சம் வரை இருந்தால் கட்டணமே கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை, இணையத்தின் வழியாகவும் மனு போடலாம். ஆனால் இரண்டு வருடத்துக்குள் போடவேண்டும்.

79 ரூபாய் கிரீமுக்கா வழக்கு என்று சிரிக்கவேண்டாம். 2013-ல் டெல்லியில் ஒருவர் அந்த விலைக்கு வாங்கிய கிரீம், சொன்னபடி நிறம் தரவில்லை என்று வழக்குப் போட்டார். ஒருமுறை ஜெயித்து, மேல்முறையீட்டில் அது ரத்தாகி, விசாரணை முதலிலிருந்து நடந்தது. 2024 டிசம்பரில் மாவட்ட ஆணையம் நிறுவனத்துக்கு 14.5 லட்சம் ரூபாய் தண்டம் விதித்தது.

அதற்கெல்லாம் ஆதாரம் வேண்டும். அடுத்த முறை மெடிக்கல் ஷாப்பில் பில் கேட்டு வாங்குங்கள். முகத்தை அன்றன்று போட்டோ எடுத்து வையுங்கள். எரிச்சலில் டியூபைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள், அட்டைப் பெட்டியோடு ஒரு கவரில் போட்டு, குழந்தைகள் கைக்கு எட்டாமல் பத்திரப்படுத்துங்கள்.