பனிக்கட்டியில் அடைபட்ட காற்றும் வயற்சேற்றுக் குமிழிகளும்

ஹாலிஎலப் பகுதியின் படிக்கட்டு வயல்களில் நீர் நிறைந்து நிற்கும் காலத்திற் சேற்றில் இறங்குவோர், காலடியிலிருந்து குமிழிகள் மேலெழுவதைக் கண்டிருப்பர். காற்றுப் புகாத சேற்றில் வைக்கோலும் வேர்களும் அழுகும்போது உண்டாகும் மெதேன் என்னும் வாயு அக்குமிழிகளில் மிகுதியாக உள்ளது. அதனினும் பெரும்பங்கு, நெற்றாளின் உட்குழாய்கள் வழியே கண்ணுக்குப் புலப்படாது வெளியேறுகின்றது. பூமியின் வெப்பம் வெளியேறாது தடுத்து வைக்கும் வாயுக்களுள் இதுவும் ஒன்று.

இவ்வாயு முற்காலத்தில் எவ்வளவு இருந்தது என்பதை அறிய, பழங்காலக் காற்றே வேண்டும். ஹோட்டன் சமவெளியின் சதுப்புச் சேறு பல்லாயிரம் ஆண்டுகளின் மகரந்தத்தைக் காத்து வைத்துள்ளது; ஆயினும் காற்றைக் காக்கவில்லை. காற்றைக் காத்தது துருவத்துப் பனியே. அங்கு பெய்யும் பனி உருகுவதில்லை. ஆண்டுக்காண்டு படிந்து, மேற்பாரத்தால் நெரிந்து, 50 முதல் 100 மீற்றர் ஆழத்திற் கட்டியாகின்றது. இடையிற் சிக்கிய காற்று குமிழிகளாக அடைபட்டு விடுகின்றது.

1965ஆம் ஆண்டில் அந்தாட்டிக்காவில் தங்கியிருந்த பிரெஞ்சு ஆய்வாளர் குளோட் லொறியுஸ், ஆழத்திலிருந்து எடுத்த கட்டியொன்றை விஸ்கியில் இட்டபோது, அது கரையக் கரையக் குமிழிகள் வெடிப்பதைக் கண்டார். அக்காற்றை அளந்தால் என்ன என்ற எண்ணம் அவருக்கு அப்போது தோன்றியது. நல்ல ஆராய்ச்சிகள் எல்லாம் ஆய்வுகூடத்திலேயே பிறப்பதில்லை போலும். பின்னர் டோம் சி என்னுமிடத்தில் ஐரோப்பிய ஆய்வாளர் 2004இல் ஏறத்தாழ 3,270 மீற்றர் ஆழம் வரை துளையிட்டு, 8 இலட்சம் ஆண்டுகளின் பனியை வெளிக்கொணர்ந்தனர். கட்டியின் வெளிப்புறத்தைச் சீவி நீக்கி, காற்றகற்றிய கலத்தில் அதை நொறுக்கியோ உருக்கியோ, வெளிவரும் வாயுவைக் கருவிகளால் அளக்கின்றனர்.

அந்நெடுங்காலம் முழுவதிலும் மெதேன், நூறு கோடிப் பங்கு காற்றில் ஏறத்தாழ 350க்கும் 800க்கும் இடையிலேயே இருந்தது. 1750ஆம் ஆண்டளவில் ஏறத்தாழ 700 ஆக இருந்த அது, இன்று 1,900ஐத் தாண்டிவிட்டது. நிலக்கரி, எண்ணெய், கால்நடை, குப்பை ஆகியவை இதிற் பெரும்பங்கு கொண்டவை; நெல்வயலின் பங்கு மனிதர் வெளிவிடும் மெதேனிற் பத்தில் ஒன்றுக்குச் சற்றுக் குறைவே. இவ்வேற்றத்துக்கு முன்னரே, சுமார் 5,000 ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறு ஏற்றம் தொடங்கியதையும் குமிழிகள் காட்டின. ஆசியாவில் நெல் பரவியதே அதற்குக் காரணம் என அமெரிக்க ஆய்வாளர் வில்லியம் றடிமன் 2003இல் எழுதினார். தென்பகுதிச் சதுப்பு நிலங்களே காரணம் என்பார் வேறு சிலர். அவ்வழக்கு இன்னும் தீரவில்லை.

வயலை இடையிடையே காயவிட்டால், சேற்றிற் காற்றுப் புகுந்து மெதேன் ஏறத்தாழப் பாதியளவு குறையலாம், நீரும் மீதமாகும். இதற்கு 30 சென்ரிமீற்றர் நீளமுள்ள மூங்கிற் குழாயொன்று போதும். கணுக்களை நீக்கி, கீழ்ப்பாதியிற் துளைகளிட்டு, அப்பாதி மண்ணுள் இருக்குமாறு நாட்டி, உட்புறச் சேற்றை அகற்றுதல் வேண்டும். நாற்று நட்டு முதலிரு வாரங்கள் களை அடங்க நீர் நிற்கட்டும். அதன்பின், குழாயினுள் நீர் நிலமட்டத்திலிருந்து 15 சென்ரிமீற்றர் இறங்கியதும் மீண்டும் பாய்ச்சலாம். பூக்கும் பருவத்துக்கு ஒரு வாரம் முன்னும் பின்னும் வயலைக் காயவிடலாகாது. விட்டால் பதர் மிகும். படிக்கட்டு வயல்களில் மேல்வயலின் கசிவு கீழே இறங்குவதால், கீழ்வயலுக்குத் தனிக் குழாய் தேவை. வைக்கோலைப் பச்சையாகச் சேற்றில் மிதித்தல் மெதேனைப் பெருக்கும்; மக்கவைத்து இடுவதே நன்று.

நெல்லுக்குப்பின் அதே நிலத்தில் மரக்கறி செய்வோருக்கு மெதேன் கவலை இல்லை. எனினும் அளவுக்கு மிஞ்சிய யூரியாவிலிருந்து நைதரசு ஒட்சைட்டு எழும். அதன் ஏற்றமும் பனிக்கட்டியிற் பதிவாகியுள்ளது. பெருமழைக்கு முன் முழுப் பசளையையும் ஒருங்கே இடாது, பயிர் வளர்ச்சிக்கேற்பப் பகுத்து இடுவோர் அவ்விழப்பைக் குறைத்துக்கொள்வர்.